லைப்ரரிக்கு என்று சொல்லி இரும்பு தூக்க வந்தவர்கள்

வயது போகப் போக ஆம்பிளைக்குத் தசை குறையும், வாய் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் தொழில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓக்லாந்தின் புறநகரான ஒனிஹங்காவில், ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில் நான் இன்ஸ்ட்ரக்டர். யாழ்ப்பாணத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன், ஓக்லாந்துக்கு அகதியாய் வந்து முதலில் அதே ஜிம்மில் கக்கூஸ் கழுவினவன். முதலாளி பிரையன், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன வெள்ளைக்காரன். ஒருநாள் நான் மொப்பும் கையுமாக நின்று ஒருத்தரின் முதுகு வளைவைத் திருத்துவதைப் பார்த்துவிட்டு, திங்கள் புதன் வெள்ளி காலை பத்து மணி வகுப்பை என் தலையில் கட்டிவிட்டான். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான வகுப்பு.

சொந்தச் சனத்துக்கு எதையாவது பழக்கப் போய் இரத்தக் கொதிப்பு வாங்கினவர்களே, மனைவிக்குக் கார் ஓட்டக் காட்டினவர்களே, தகப்பனுக்கு வீடியோ டெக் போடச் சொல்லிக்கொடுத்தவர்களே, இதை வாசியுங்கோ. உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

டை கட்டிய மாணவர்

என் வகுப்புக்கு வந்த முதல் தமிழர் அருளானந்தத்தார். வயது அறுபத்தேழு. யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டு, டை, மினுக்கின சப்பாத்து, கையில் ஒரு தடித்த புத்தகம் என்று மாடிப்படி ஏறி வந்தார். விலாசம் மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், தமிழ் ஆட்கள் ஆராவது வழியில் கண்டால் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்ல அந்த வேசமாம். இரும்பு தூக்கப் போவதாகச் சொன்னால் மரியாதை போய்விடுமாம். அங்கேயே எனக்கு முதல் கோபம் வந்தது.

ஆனால் அவர் வந்த காரணம் கோபப்படுகிற காரணம் இல்லை. மனைவி பவளத்துக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து கொமோட்டுக்கு, புருசன் தனியாக அவவை மாற்ற வேணும். ஆஸ்பத்திரியில் செய்து காட்டச் சொன்னபோது இவரால் ஏலவில்லை. மூன்று மாதம் கழித்துத் தெரப்பிஸ்ட் வீட்டுக்கு வந்து திரும்பவும் பார்ப்பா. அப்போதும் ஏலாவிட்டால் பவளமக்கா முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அவவுக்கு இங்கிலீசு தெரியாது, மச்சம் மாமிசம் தொடமாட்டா, புதுமுகம் கண்டால் வாய் திறக்கமாட்டா. அங்கே போனால் ஒரு மாதம் தாங்கமாட்டா என்றார். காலையில் ஒரு தாதி வந்து இரண்டு மணித்தியாலம் நிற்பாவாம், அந்த நேரத்தில்தான் இங்கே வர முடியும்.

இதுக்கு முதல் என்ன பாரம் தூக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னார்: "தம்பி, நான் இவ்வளவு காலமும் பேனையைத் தவிர வேற ஒண்டும் தூக்கினதில்லை."

மனசுக்குள் கசரத்து

அதே வகுப்பில் சான்ட்ரிங்ஹாமில் இருந்து சுந்தரம் என்று ஒருத்தர். கோயம்புத்தூர்க்காரர், மகள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டவர். சர்க்கரை கூடிப்போய் டொக்டர் துரத்திவிட்ட ஆள். ஐந்து தரம் தூக்கச் சொன்னால் இரண்டு தரம் தூக்குவார், மற்ற மூன்றுக்குப் பதிலாகத் தன் பாங்க் வேலைக் கதையை எடுத்துவிடுவார். கதை முடிவதற்குள் பக்கத்தில் அருளானந்தத்தார், டையைத் தோளுக்கு மேல் எறிந்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்துத் தன் கணக்கை முடித்திருப்பார். அவரைப் பாருங்கோ, வெட்கமாயில்லையா என்று ஒருநாள் கத்திவிட்டேன். சுந்தரம் கொஞ்சமும் அசரவில்லை. "மாஸ்டர், நான் வீட்ல ஈஸி சேர்ல உக்காந்து இதையெல்லாம் மனசுக்குள்ளயே தினம் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன், நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"

பிரையன் கண்ட வியாதி

பாரம் தூக்குவதற்கு அடிப்படை குந்தி எழும்புவது. வெள்ளைக்காரக் கிழவர்கள் பாதி குந்துவதற்குள்ளேயே ஐயோ அம்மா என்று சுவரைப் பிடிப்பார்கள். அருளானந்தத்தாரைக் குந்தச் சொன்னேன். மனிசன் கோட்டைக் கழற்றிவிட்டு, குதிக்கால் நிலத்தில் பட, அடிவரை குந்தி, அப்படியே இருந்தபடி "எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்டார். நாற்பது வயதுவரைக்கும் குந்தியிருக்கிற கக்கூஸ் பாவித்த ஆள், மூட்டு மறக்கவில்லை. பிரையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வேறு ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினான்.

பிழை மற்ற இடத்தில். முதுகை வளைக்காதேயுங்கோ, நெஞ்சை நிமிர்த்துங்கோ, பாரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கோ என்று நான் நாய் குலைக்கிற மாதிரிக் குலைப்பேன். மற்றதெல்லாம் செய்வார், அணைக்க மட்டும் மாட்டார். மணல் மூட்டையைக் கொடுத்தால் பிறத்தியாருடைய பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் இடுப்பு முறியும். நான் கத்தினால் கதவுப் பக்கம் பார்ப்பார், கழுத்தில் கை வைத்து டையைச் சரிசெய்வார். நாலாம் கிழமை பிரையன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னான்: "சேவியர், அந்த ஆளுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை, வியாதி கழுத்துப் பட்டியில்தான் இருக்கிறது."

ஒரு மூட்டை அரிசி

ஐந்தாம் கிழமை சனிக்கிழமை. சான்ட்ரிங்ஹாமில் பலசரக்குக் கடை வாசலில் சனம் நிறைந்து நிற்கிறது. அங்கே என் கண்ணால் கண்ட காட்சியைச் சொல்கிறேன், கேளுங்கோ. கடைக்காரப் பெண், ஐந்தடி உயரமும் இராத பிள்ளை, இருபது கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கார் டிக்கிக்குப் போகிறா. பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, கோட்டும் டையுமாக, அருளானந்தத்தார் நடக்கிறார். அதுக்கு முதல்நாள்தான் அந்த மனிசன் என் கண்முன்னே நாற்பது கிலோ தூக்கினவர்!

எனக்கு விசர் பிடித்துவிட்டது. நடுரோட்டில் நின்று, "அண்ணை, உந்த மூட்டையைத் தூக்கத்தானே அஞ்சு கிழமையா நான் நாய்ப்பாடு படுறன்! தங்கச்சி, கீழ வையும் அதை, அவர் தூக்குவார்!" என்று கத்தினேன். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அருளானந்தத்தார் காதுமடல் வரை சிவந்து, மூட்டையைத் தொடாமல், கிட்ட வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "தம்பி, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம், நாங்கள் என்ன மூட்டை தூக்கிற ஆக்களே?"

செயலாளர் சொன்ன வழி

நான் போட்ட சத்தம் காற்றில் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. அடுத்த கிழமை கிளென்ஃபீல்டில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா. எங்கட தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், அறுபது வயது, கட்லட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பிடித்தார். "அருளானந்தம் உம்மிட்டை வந்து இரும்பு தூக்கிறாராம்? மனிசி படுக்கையில கிடக்க இவர் உடம்பு வளர்க்கிறாரோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் இளமை திரும்புதாம் என்றார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது, பத்திக்கொண்டு வருகிறது. மனைவியைத் தூக்கப் பழகுகிறார் என்று சொன்னேன். மனைவியைத் தூக்குவதா என்று அதுக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தது அவரவர் மனைவிமார். ஒருத்தனும் தன் தட்டைத் தானே தூக்கவில்லை.

கதை அருளானந்தத்தாரின் காதுக்கும் போய்விட்டது. திங்கள் வரவில்லை. புதன் வரவில்லை. வெள்ளியும் இல்லை. போன் எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து கிழமைதான் மிச்சம். செயலாளரிடமே போய், நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு மனுசியின் சீவியம் போகப் போகுது என்று சொன்னேன். அவர் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்: "ஏன் தம்பி உமக்கு இந்தக் கரைச்சல், நல்ல இல்லமொண்டு பாத்து ஆளைக் கொண்டுபோய் விடுறதுதானே, அதுக்குத்தானே இந்த நாட்டுக்கு வந்தனாங்கள்!"

பவளமக்கா உடைத்த உண்மை

நான் நேரே அருளானந்தத்தார் வீட்டுக்குப் போனேன். ஏச வேண்டியதெல்லாம் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மனிசன் கட்டிலோரம் முதுகை வில்லாய் வளைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "விடுங்கோ! ரெண்டு பேரும் விழப் போறியள்!" என்று பாய்ந்து போய்ப் பிடித்தேன். பவளமக்காவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததே தவிர நாக்கு நல்ல கூர்மை. சொல் கொஞ்சம் தடுமாறினாலும் ஒவ்வொன்றும் விளங்கியது. தன்னைப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, நாற்பத்திரண்டு வருசத்துக் கணக்கை எடுத்தா. கிணற்றுத் தண்ணீர் தூக்கினது தான், அரிசி மூட்டை தூக்கினது தான், நாலு பிள்ளைகளைத் தூக்கினது தான், இடம்பெயர்ந்தபோது தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் தான். இவர் பைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவராம். அருளானந்தத்தார் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, ஆஸ்பத்திரியில் பலம் இல்லாமல் தோற்றவருக்குப் பலத்தைக் கொடுத்தேனே, அதையும் பாழாக்கிறாரே என்று பொரிந்து தள்ளினேன். அப்போதுதான் பவளமக்கா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டா: "ஆஸ்பத்திரியில பெலமில்லாமல் நிண்டவரில்லை மாஸ்டர், நாலு நேர்சுமாருக்கு முன்னால என்னைக் கட்டிப்பிடிக்க வெக்கத்தில நிண்டவர்."

சுந்தரத்தைக் கட்டிப்பிடித்தல்

நான் அன்றைக்கு வெளியே வந்து காரின் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். இரண்டு மாதம்! மணல் மூட்டையை அவர் ஏன் தள்ளிப் பிடித்தார் என்று இரண்டு மாதமாக விளங்காமல் முதுகு, முதுகு என்று கத்தின நான் பெரிய மடையன். ஒருத்தரை எழுப்பி மாற்ற வேணுமென்றால் நெஞ்சோடு நெஞ்சு சேர்க்க வேணும், அவவின் கை இவர் கழுத்தைச் சுற்ற வேணும், இவருடைய முழங்கால் அவவின் பலமில்லாத முழங்காலை முட்டுக்கொடுக்க வேணும். எங்கட ஆம்பிளை அதைப் பிறத்தியாருக்கு முன்னால் எப்படிச் செய்வான்? மனைவிக்குப் பக்கத்தில் நடக்கவே பத்தடி இடைவெளி விடுகிற சாதி நாங்கள்.

அடுத்த திங்கள் நானே போய் ஆளை ஏற்றிக்கொண்டு வந்தேன். வகுப்பு முழுக்க வட்டமாய் நிற்க, நடுவில் ஒரு கதிரை போட்டு, சுந்தரத்தை நோயாளியாக இருத்தினேன். சுந்தரத்துக்குச் சும்மா இருப்பது கைவந்த கலை, சந்தோசமாய் ஒத்துக்கொண்டார். கட்டிப்பிடியுங்கோ என்றேன். அருளானந்தத்தார் கதவைப் பார்த்தார். "கதவைப் பாக்காதேயுங்கோ! அங்க ஒருத்தரும் உங்கட மனிசியைத் தூக்க வரமாட்டினம்!" என்று நான் போட்ட சத்தத்துக்குக் கீழே கம்பளக் கடைக்காரன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். வரட்டும், அவனும் பார்க்கட்டும் என்று விட்டேன். அன்று இருபது தரம், புதன் இருபது, வெள்ளி இருபது. மூன்றாம் நாள் மனிசன் கண்ணை மூடாமல், பல்லைக் கடிக்காமல், சுந்தரத்தை நெஞ்சோடு அணைத்து எழுப்பி, கால் மாற்றித் திருப்பி, பஞ்சு மாதிரி இருத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சனிக்கிழமை அவரைச் சான்ட்ரிங்ஹாமுக்கும் கொண்டுபோனேன். இந்தமுறை அரிசி மூட்டை அவருடைய நெஞ்சில். நான் கை கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். பார்த்தால் செயலாளர் எதிரே வருகிறார். "என்ன அருளானந்தம், தூக்க ஆளில்லையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். அருளானந்தத்தாரின் காது சிவந்தது. ஆனால் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. நின்று, மூச்சை இழுத்து, மறுமொழி சொன்னார்: "ஏன் இல்லை? நான் நிக்கிறனே."

சோதனை நாள்

பதினொரு மணிக்குத் தெரப்பிஸ்ட் வருவதாக ஏற்பாடு, நான் முன்னரே அருளானந்தத்தார் வீட்டுக்குப் போய் நின்றேன். எங்கட சனத்தின் வழக்கம் தெரியும்தானே, நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் போன் எடுத்துக் கேட்பதில்லை. பத்து ஐம்பதுக்கு வாசலில் கார் நின்றது. செயலாளரும் மனைவியும், அவர்களோடு இன்னும் இரண்டு குடும்பம், அப்பிள் பையும் பிஸ்கட் பெட்டியுமாய் வந்து, கட்டிலைச் சுற்றிக் கதிரை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்கள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல எனக்குக் கை துடித்தது. நேரம் சரியாய்த் தெரப்பிஸ்ட் வந்தா. இவ்வளவு சனத்தையும் பார்த்துவிட்டு, இவர்கள் வெளியே நிற்கட்டுமா என்று அருளானந்தத்தாரைக் கேட்டா. ஓம் என்று சொல்லு மனிசா என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஆஸ்பத்திரியில் நின்ற அதே மாதிரி, கல்லாய் நின்றார். பவளமக்கா புருசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. தெரப்பிஸ்ட் பேனையைத் திறந்தா.

அந்தப் பேனையைக் கண்டாரோ என்னவோ, அருளானந்தத்தாருக்கு உயிர் வந்தது. கழுத்தில் கை வைத்தார். டையைச் சரிசெய்யப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டையைக் கழற்றினார். மடித்துச் செயலாளரின் மடியில் வைத்து, "இதை ஒருக்கால் பிடியும்" என்றார். தெரப்பிஸ்டைப் பார்த்து, அவர்கள் இருக்கட்டும் என்றார். பிறகு கதிரையை மனைவியின் நல்ல பக்கமாய் இழுத்துப் போட்டு, காலை அகட்டி, குந்தி, பவளமக்காவின் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, இரண்டு கையாலும் அவவை நெஞ்சோடு இறுக்கி அணைத்தார். "பவளம், ஒண்டு, ரெண்டு, மூண்டு." எழும்பினார்கள். இரண்டு பேரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள், அவவின் கன்னம் அவருடைய தோளில். திருப்பி, மெல்ல இருத்தினார். கொமோட்டுக்கும் அப்படியே மாற்றிக் காட்டினார், திரும்பக் கட்டிலுக்கும்.

வந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் மூக்கைத் துடைத்தார்கள். செயலாளர் டையைப் பிடித்தபடி இருந்தார். பவளமக்கா வீட்டிலேயே இருக்கலாம் என்று தெரப்பிஸ்ட் சொல்ல, நான் அதைத் தமிழில் சொன்னேன். பவளமக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "தாலி கட்டேக்கை கூட ஒரு முழம் தள்ளி நிண்டு கட்டின மனிசன் இவர்."

பத்து மணி வகுப்புக்குப் புதிய ஆள்

இரண்டு கிழமை கழித்துத் திங்கட்கிழமை, மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம். கதவில் செயலாளர் நிற்கிறார். கோட்டு, டை, அக்குளில் ஒரு தடித்த புத்தகம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார், மனைவிக்கு இடுப்பு ஒப்பரேசன் வருதாம், வீட்டுக்கு வந்தபிறகு தான்தான் எழுப்பி இருத்த வேணுமாம், தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமாம். எனக்கு அந்தக் கட்லட்டும் அந்தச் சிரிப்பும் அப்படியே கண்முன்னால் வந்தன. நல்ல இல்லமொண்டு பாத்து விடுறதுதானே என்ற சொல் என் வாய் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அதுக்குள் மூலையில் மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்த அருளானந்தத்தார், வெறும் பெனியனோடு, தலையைத் திருப்பாமல் ஒரு சத்தம் போட்டார்: "முதல் டையைக் கழட்டும் ஐசே, பிறகு வந்து சுந்தரத்தைக் கட்டிப்பிடியும்!"

ஒனிஹங்காத் தமிழ் ஆம்பிளைகள் வயது போன காலத்திலும் ஓயாமல் லைப்ரரிக்குப் போகிறார்கள் என்று ஆராவது மேடையில் பெருமைப்பட்டால், அங்கே அவர்கள் என்ன வாசித்துக் கிழிக்கிறார்கள் என்று என்னிடம் வந்து கேளுங்கோ.